நீரிலிருந்து இயந்திரம் வரை: 'ரன்' என்னும் ஆங்கில வினையின் பயணம்

2011ஆம் ஆண்டு மே மாதம் அகராதி உலகிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக அதிகப் பொருள்களைக் கொண்ட சொல் என்ற இடம் நெடுநாளாக 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு அந்த வினைக்கு ஏறத்தாழ 430 பொருள்களைத் தந்திருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். அந்த ஒரு வினைக்கான பதிவைத் திருத்தி எழுதப் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன.

செய்தியைப் படித்தவர்கள் எண்ணைப் பார்த்தே வியந்தார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அதற்குப் பின்னால் இருக்கும் வழித்தடம் முக்கியமாகப் படுகிறது. இத்தனை பொருள்கள் எங்கிருந்து வந்தன, யார் வாயில் பிறந்தன? 'ரன்' என்ற வினைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று இருக்கிறது. அதைத் தொடர்ந்து நடந்தால் கவிஞர்களையும் அறிஞர்களையும்விட வேலை செய்தவர்களையே அதிகம் சந்திக்கிறோம். மாலுமி, சிப்பாய், கடத்தல்காரர், ஆலைத் தொழிலாளி, வங்கி வாசலில் முண்டியடித்த வைப்பாளர், ஆட்டத்தில் கணக்குக் குறித்தவர் என்று ஒவ்வொருவரும் தம் தேவைக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அகராதிகள் இத்தகைய சொற்களை வெகுகாலம் பொருட்படுத்தவே இல்லை. ராபர்ட் காட்ரி 1604இல் வெளியிட்ட முதல் ஆங்கில ஒருமொழி அகராதியில் இருந்தவை சுமார் 2,500 சொற்கள். லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த கடினமான சொற்கள்தான் அவை. வா, போ, ஓடு போன்ற சொற்களுக்கு யாருக்கு விளக்கம் வேண்டும் என்பது அன்றைய எண்ணம். சாதாரணச் சொற்களையும் சேர்க்க வேண்டும் என்ற முயற்சி 1702இல் ஜான் கெர்சியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அகராதியில்தான் தொடங்குகிறது. அரை நூற்றாண்டு கழித்து, 1755இல், சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை முடித்தபோது அவரைத் திணறவைத்தவை கடினமான சொற்கள் அல்ல. 'டேக்' என்ற ஒரு வினைக்கே அவர் 134 பொருள்களைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. தம் முன்னுரையில் இப்படிப் பிடிபடாத சிறு வினைகளின் பட்டியல் ஒன்றைத் தருகிறார். 'ரன்' அதில் இருக்கிறது. பொருள் இவ்வளவு தளர்ந்தும் பரந்தும் கிடக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிக் கிளைத்தது என்று காட்டுவது கடினம் என்று மனம் தளர்ந்து எழுதுகிறார்.

ஜான்சன் கைவிட்ட இடத்திலிருந்து தொடங்கியது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் பேச்சு எழுந்தது. ஜேம்ஸ் மர்ரி 1879இல் பதிப்பாசிரியரானார். 1884இல் முதல் பகுதி வெளிவந்தது. 1928இல்தான் முழுமை பெற்றது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், 18 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். அதன் முறை எளிமையானது, ஆனால் பெரும் உழைப்பைக் கேட்பது. ஆயிரக்கணக்கான தன்னார்வ வாசகர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, நூலின் பெயரும் ஆண்டும் குறித்து அனுப்பினார்கள். பதிப்பாசிரியர்கள் சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கி, பொருள் எங்கே திரும்புகிறது என்று பார்த்தார்கள். முதல் பதிப்பில் ஆர் எழுத்துச் சொற்களைத் தொகுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கிரெய்கி. ஒரு சொல்லின் இன்றைய பொருள் எது என்று கேட்பதோடு, எந்தப் பொருள் எப்போது வந்தது என்றும் கேட்கும் இந்த முறை இல்லையென்றால் 'ரன்' பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி தெரிந்திருக்காது.

நம் பள்ளிக்கூடங்களில் 'ரன்' என்றால் ஓடு என்று கற்றோம். கால்களால் வேகமாக நகர்வதுதான் மூலப்பொருள், ஆறு ஓடுவதும் குழாயில் தண்ணீர் ஓடுவதும் அதிலிருந்து வந்த உருவகங்கள் என்று தோன்றுவது இயல்பு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்ற வினை, எழுத்துகள் இடம் மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது. அது மனிதர் ஓடுவதற்கும் நீர் பாய்வதற்கும் மிகப் பழைய எழுத்துகளிலேயே ஒருங்கே வருகிறது. அதன் உடன்பிறந்த ஜெர்மன் வினையான 'ரின்னென்' இன்றும் நீர் ஒழுகுவதையே குறிக்கிறது. கால்களால் ஓட ஜெர்மன் மொழியில் 'ரென்னென்' என்று தனி வினை உண்டு. பழைய ஆங்கிலத்தில் இரத்தப்போக்குக்கு 'ப்ளோட்ரினெ' என்று பெயர். அதன் பின்பாதி இதே வேரிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். இந்தோ-ஐரோப்பிய மொழி ஆய்வாளர்கள் இந்தச் சொல்லுக்குக் காட்டும் வேரும் பாய்தல், ஒழுகுதல் என்ற பொருள்களை உடையதே. எனவே மூக்கு ஒழுகுவதற்கும் துணியில் சாயம் பரவுவதற்கும் மெழுகு உருகி வழிவதற்கும் ஆங்கிலேயர் 'ரன்' என்று சொல்லும்போது ஓட்டக்காரரின் கால்களை இரவல் வாங்கவில்லை. நீரின் பொருள் அவர்களிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

இந்த நீர்ப்பொருள் எதிர்பாராத இடங்களில் தங்கியிருக்கிறது. பாலைத் திரித்துச் சீஸ் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரென்னட்' என்று பெயர். பாலின் துகள்கள் ஒன்றாக ஓடிச் சேர்ந்து கட்டியாவதால் வந்த பெயர் அது. ஜெர்மன் மொழியிலும் 'கெரின்னென்' என்றால் திரிதல், உறைதல். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர். உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் புல் ரன் என்ற ஓடைக்கரையில் நடந்தது. வடக்குத் தரப்பினர் சண்டைகளுக்குப் பெரும்பாலும் அருகிலுள்ள நீர்நிலையின் பெயரை வைத்தார்கள். தெற்கினர் அருகிலுள்ள ஊரின் பெயரை. ஆகவே அதே சண்டை தெற்கினரின் நூல்களில் மனாசஸ் சண்டையாகிறது. அங்கே வடக்குப் படை சிதறி வாஷிங்டனை நோக்கி ஓடியதால்தான் அந்தப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடைக்கு அந்தப் பெயர் போருக்கு முன்பே இருந்தது.

பழைய ஆங்கிலத்தில் இன்னொரு வினையும் இருந்தது. 'ஏர்னன்' என்றால் ஓடச் செய்தல், குதிரையை விரட்டிச் செல்லுதல். தமிழில் ஓடு, ஓட்டு என்று நாம் வேறுபடுத்துவதுபோல அங்கேயும் தன்வினையும் பிறவினையும் தனித்தனியாக இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் வினைகளும் சேர்ந்துகொள்ள, இந்த வடிவங்கள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி ஒரே சொல்லாயின. நிகழ்காலத்தில் 'உ' உயிர் நிலைபெற்றது 16ஆம் நூற்றாண்டில்தான். இறந்தகாலப் பன்மையிலும் எச்சத்திலும் இருந்த உயிர் அது. இந்த இணைப்பின் விளைவு பெரியது என்று நான் கருதுகிறேன். தானாக ஓடுவதும் பிறிதொன்றை ஓட்டுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் 'ரன்' அடைந்த வளர்ச்சியில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது பக்கத்திலிருந்து வந்தது.

கடலும் போரும் முதலில் அதைப் பயன்படுத்தின. காற்றைப் பின்னால் வாங்கிச் செல்லும் கப்பல் 'ரன்' செய்கிறது. தரைதட்டும் கப்பலும் 'ரன்' செய்கிறது. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போரில் சுவீடன் படையின் தண்டனை முறை ஒன்றை ஆங்கிலச் சிப்பாய்கள் கண்டார்கள். குற்றம் செய்த சிப்பாயை, கையில் பிரம்போடு எதிரெதிரே நிற்கும் இரு வரிசை வீரர்களுக்கு நடுவே ஓடவிட்டார்கள். சுவீடன் மொழியில் அதற்குக் 'காட்லொப்' என்று பெயர், சந்தில் ஓடுதல் என்று பொருள். ஆங்கிலேயர் வாயில் அது திரிந்து, இரும்புக் கையுறையைக் குறிக்கும் 'காண்ட்லெட்' என்ற சொல்லோடு கலந்துவிட்டது. இன்று நாலாபுறமும் விமர்சனத்துக்கு ஆளாகும் அரசியல்வாதியைப் பற்றியும் 'ரன் தி காண்ட்லெட்' என்ற தொடரைச் சொல்கிறார்கள். கையுறைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மலாய் மொழியின் 'அமுக்' இன்னொரு வழியாக வந்து 'ரன்' என்ற வினையோடு சேர்ந்தது. வெறிகொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்குவதைக் குறிக்கும் சொல் அது. மலேசியத் தமிழர்களுக்கு அறிமுகமானதும்கூட. போர்த்துகீசியப் பயணிகள் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போனது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அதன் முதல் உயிரைத் தங்கள் மொழியின் 'அ' என்ற சுட்டாக எண்ணிப் பிரித்து எழுதினார்கள். கீழைநாடுகளிலிருந்து ஆங்கிலத்தில் கலந்த சொற்களைத் தொகுத்த 1886ஆம் ஆண்டின் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்கு நீண்ட பதிவு தருகிறது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான ஏ. சி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர்.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்கரையில் 'ரன்' என்றால் வரி கட்டாமல் சரக்கைக் கரைசேர்ப்பது. கென்ட், சசெக்ஸ் கரைகளில் இரவோடு இரவாகத் தேயிலையும் பிராந்தியும் இறங்கின. தேயிலை மீதான வரி 119 சதவீதமாக இருந்த காலம் அது. 1784இல் பிரதமர் வில்லியம் பிட் வரியை 12.5 சதவீதமாகக் குறைத்ததும் தேயிலைக் கடத்தலில் லாபம் போய்விட்டது. தொழில் போனாலும் சொல் போகவில்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக் கடற்படையின் முற்றுகையைத் தாண்டித் தெற்குத் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல்களுக்கும், 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது சாராயம் கடத்தியவர்களுக்கும் அதே வினையிலிருந்து பெயர் கிடைத்தது. இங்கே ஓடுவது சரக்கு, ஓட்டுவது மனிதர். பழைய 'ஏர்னன்' குதிரையை விட்டுப் படகில் ஏறிக்கொண்டது.

பிறகு இயந்திரம் வந்தது. 2011இல் நியூயார்க் டைம்ஸில் இந்தச் சொல்லைப் பற்றி எழுதிய சைமன் வின்செஸ்டர், 'செட்' பின்தங்கி 'ரன்' முன்னேறியதற்கு இயந்திர யுகமே காரணம் என்றார். வைத்தல், அமைத்தல், பதித்தல் என்று நிலைத்திருக்கும் உலகின் சொல் 'செட்'. இடைவிடாத இயக்கத்தின் சொல் 'ரன்' என்பது அவர் பார்வை. நான் அதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நீராவிக்கு முன்பே நீர் இருந்தது. ஆலையின் சக்கரத்தைச் சுழற்றியது ஓடும் நீர்தான். நீர் ஓடியது, அதனால் சக்கரம் ஓடியது, அதனால் தறி ஓடியது. மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் 1820களில் எழுந்த பெரும் துணியாலைகள் மெரிமாக் ஆற்று நீரில்தான் ஓடின. இயந்திரத்துக்கு 'ரன்' பொருந்தியது வேகத்தால் மட்டும் அல்ல. நீருக்கும் சக்கரத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தது. அடுத்த படி இயல்பாக வந்தது. ஆலை ஓடுகிறது என்றால் அதை ஓட்டுபவர் ஒருவர் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆலையை ஓட்டுவது, விடுதியை ஓட்டுவது, பத்திரிகையை ஓட்டுவது என்று நிர்வாகத்துக்கெல்லாம் 'ரன்' பரவியது. தரம் பிரிக்காமல் ஆலையிலிருந்து அப்படியே வெளிவரும் சரக்குக்கு ஏற்பட்ட 'ரன் ஆஃப் தி மில்' என்ற தொழில்வழக்கு, இன்று சிறப்பு ஏதும் இல்லாத எதற்கும் ஆங்கிலத்தில் சொல்லப்படும் தொடராகிவிட்டது.

1964 மே 1 அன்று அதிகாலையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் என்ற கணினி மொழி முதன்முறையாக இயங்கியது. அதைப் பயன்படுத்திய மாணவர் தம் நிரலை எழுதி முடித்ததும் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளை 'ரன்'. கணிதம் படிக்காத மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவ்விருவரின் நோக்கம். அதனால் கட்டளைகளை அன்றாட ஆங்கிலத்திலிருந்தே எடுத்தார்கள். ஆலையிலிருந்து கணினிக்கு வந்தபோது இந்த வினை புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

பணத்தின் உலகில் இதே சொல் அச்சத்தைக் குறிக்கிறது. வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் தங்கள் பணத்தைக் கேட்டு வங்கியை மொய்ப்பதற்கு 'ரன்' என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கில் இருந்தது. லண்டனில் பொற்கொல்லர்கள் வங்கியாளர்களாக இருந்த காலம் அது. வாங்கிய வைப்பில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிட்டு ஒரு சிறு பகுதியை மட்டும் கையில் வைத்திருப்பது வங்கித்தொழிலின் அடிப்படை. எல்லோரும் ஒரே நாளில் வந்தால் நல்ல வங்கியும் தாங்காது. முதலில் போனவருக்குப் பணம் கிடைக்கும், கடைசியில் போனவருக்குக் கிடைக்காது. ஆகவே ஒருவர் ஓடினால் மற்றவரும் ஓடுவதே அறிவு. 1866 மே மாதம் லண்டனில் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் விழுந்தபோது இப்படித்தான் நடந்தது. தென்னிந்தியாவில் 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி வைப்பாளர்களின் நெருக்கடியைத் தாங்க முடியாமல் மூடப்பட்டது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் வரிசைகள் நீண்டன. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வெளியே எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கியை அரசு எடுத்துக்கொண்டது. அந்த நாளில் வாசலில் பெரிய கூட்டம் இல்லை. இருந்த இடத்திலிருந்தே கைபேசியிலும் கணினியிலும் உத்தரவு கொடுத்தார்கள். கால்கள் அசையாத அந்த நிகழ்வுக்கும் பத்திரிகைகள் வைத்த பெயர் 'ரன்' என்பதுதான். அங்கே ஓடியது பணம். வெளியே பாய்ந்துகொண்டிருக்கும் ஒன்றைக் குறித்ததால், சொல் தன் பழைய நீர்ப்பொருளுக்கே திரும்பியதாக எனக்குப் படுகிறது.

தேர்தலில் ஆங்கிலத்தின் இரு கிளைகளும் பிரிகின்றன. பிரிட்டனில் வேட்பாளர் நிற்கிறார், அமெரிக்காவில் ஓடுகிறார். நம் தமிழும் பிரிட்டிஷ் வழக்கோடு நிற்கிறது: தேர்தலில் நின்றார், நின்று தோற்றார் என்கிறோம். அமெரிக்காவில் அந்தச் சொல் இருந்தபோதும், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதிபர் வேட்பாளர் தாமே ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. 1896இல் இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதின. வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ரயிலில் சுமார் 18,000 மைல் பயணம் செய்து நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பேசினார். வில்லியம் மெக்கின்லி ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார். கட்சிக்காரர்கள் ரயில் ரயிலாக ஆட்களை அவரிடம் அழைத்து வந்தார்கள். மெக்கின்லி வென்றார். ஆனால் அடுத்த நூற்றாண்டின் வேட்பாளர்கள் பின்பற்றியது பிரையனின் வழியைத்தான்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த 'ரன்' கிரிக்கெட்டின் ரன். அந்த ஆட்டத்திலும் தொடக்கத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது. 1744ஆம் ஆண்டின் ஆட்ட விதிகளில் வரும் சொல் 'நாட்ச்', அதாவது வெட்டு. கணக்குக் குறிப்பவர் ஒரு குச்சியில் கத்தியால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வெட்டுப் போட்டார். எழுதும் வழக்கம் வந்து குச்சி மறைந்ததும், வெட்டின் பெயரும் மெல்ல மறைந்தது. எதற்காக வெட்டினார்களோ அந்தச் செயலின் பெயர் நின்றது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலேயே நான்கு ரன்கள் கிடைக்கின்றன என்பதை யாரும் வினோதமாக எண்ணுவதில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டில் 'ரன்கள்' நிலைத்துவிட்டது. ஐம்பது ஓட்டங்கள் என்று இலங்கை வானொலியில் கேட்கும்போது எனக்கு அந்தச் சொல் இயல்பாகவும் அழகாகவும் இருக்கிறது. இங்கேயும் அது வேரூன்றியிருக்கலாம் என்ற ஆசை உண்டு.

மற்ற பொருள்கள் பலவற்றை விரைவாகக் கடக்கலாம். பெண்களின் காலுறையில் நூல் பிரிந்து நீளும் கோட்டுக்கு அமெரிக்கர் 'ரன்' என்கிறார்கள், பிரிட்டிஷார் ஏணி என்கிறார்கள். இரண்டாம் பரிசு பெற்றவரைக் குறிக்கும் 'ரன்னர் அப்' 19ஆம் நூற்றாண்டு வேட்டைநாய்ப் பந்தயத்தில், இறுதிச் சுற்று ஒன்றில் மட்டும் தோற்ற நாய்க்கு வைத்த பெயர். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1952 நவம்பரில் தொடங்கி, பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் நின்று, தொடர்ந்து நடந்துவருகிறது. உலகின் மிக நீண்ட 'ரன்' அது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டதையும் நாம் 'ஓடியது' என்றே சொல்கிறோம்.

ஒரு பொருளிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். சாலை கடற்கரையோரமாக ஓடுகிறது, வேலி வயலைச் சுற்றி ஓடுகிறது என்று ஆங்கிலம் சொல்லும். சாலை அசைவதில்லை. மொழியியலாளர் லெனர்ட் டால்மி இதைக் கற்பனை இயக்கம் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். டீனி மேட்லாக் 2004இல் வெளியிட்ட சோதனைகள் இதை மனத்தின் உள்ளேயே தேடின. ஒருவர் பாலைவனத்தைக் கடந்து பயணம் செய்யும் கதையை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார். சிலருக்குப் பயணம் வேகமானது, சிலருக்கு மெதுவானது. சிலருக்குத் தூரம் குறைவு, சிலருக்கு அதிகம். பிறகு, சாலை பாலைவனத்தைக் கடந்து செல்கிறது என்பது போன்ற ஒரு வாக்கியம். மெதுவான பயணத்தைப் படித்தவர்கள் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். சாலை பாலைவனத்தில் இருக்கிறது என்பதுபோல் இயக்கமே இல்லாத வாக்கியங்களில் அந்த வேறுபாடு இல்லை. அசையாத சாலையைப் படிக்கும்போதும் மனம் அதன் வழியே சென்று பார்க்கிறது என்பது அவர் முடிவு. தேய்ந்துபோன வழக்கு என்று நாம் ஒதுக்கும் ஒரு பொருளில் இத்தனை உயிர் இருப்பது எனக்குப் பெரிய செய்தி.

இப்போது எண்ணுக்கு வரலாம். 645 என்பது 'ரன்' என்ற சொல்லுக்குள் இருக்கும் எண் அல்ல. ஒரு குறிப்பிட்ட அகராதி, ஒரு குறிப்பிட்ட முறையில், தொடர்வினைகளையும் மரபுத்தொடர்களையும் வழக்கொழிந்த பொருள்களையும் சேர்த்துப் பிரித்ததால் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய வேர்ட்நெட் என்ற சொற்களஞ்சியம் அதே வினைக்கு 41 பொருள்களோடு நிறுத்திக்கொள்கிறது. ஸ்டெஃபன் கிரீஸ் 2006இல் இரண்டு தரவுத்தொகுப்புகளிலிருந்து 815 வாக்கியங்களை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவருக்குக் கிடைத்தவை நாற்பதுக்குச் சற்று அதிகம். சொல்லின் பொருள்கள் என்பவை தனித்தனியாக எண்ணத்தக்க உருப்படிகள் என்பதையே மறுத்து, சொற்பொருள்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்ற தலைப்பில் 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார் அகராதியியலாளர் ஆடம் கில்கரிஃப். அவர் பார்வையில் உண்மையில் இருப்பவை வாக்கியங்கள் மட்டுமே. அவற்றை எத்தனை குவியலாகப் பிரிப்பது என்பதை அந்த அகராதி யாருக்காக, எதற்காகச் செய்யப்படுகிறது என்பதே தீர்மானிக்கும். நான் முழுமையாக அவர் பக்கம் போகமாட்டேன். கடத்தலுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஒரு பிளவு இருக்கிறது, பேசுபவர் அதை உணர்கிறார். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு 645 பொருள், ஆகவே அது வளமான மொழி என்ற வாதத்தை இந்த ஒப்பீடு முடித்துவைக்கிறது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் 1945இல் ஓர் உறவைக் காட்டினார்: ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை, அதன் பயன்பாட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது. நூறு மடங்கு அதிகமாகப் புழங்கும் சொல்லுக்குப் பத்து மடங்கு பொருள்கள் இருக்கும். எந்த மொழியிலும் அதிகம் புழங்கும் சிறு வினைகள் இப்படித்தான் பெருகும். ஆங்கிலத்துக்குத் தனியாக வாய்த்தது அந்தப் பெருக்கத்தை ஆண்டு வாரியாகப் பதிவு செய்த அகராதி.

தமிழின் நிலை இங்கே என் மனத்தை உறுத்துகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பிற்சேர்க்கையோடும் வெளிவந்தது. வையாபுரிப் பிள்ளையின் தலைமையில் நிறைவேறிய அந்தப் பெரும்பணிக்கு ஈடு இன்றுவரை இல்லை. ஆனால் அதன் மேற்கோள்கள் பெரும்பாலும் இலக்கியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு பொருள் எந்த ஆண்டு எழுத்தில் முதலில் வந்தது என்று அது சொல்வதில்லை. பேச்சு வழக்கைக் குறிப்பிட்டாலும் அதற்குச் சான்று வாக்கியம் தருவது அரிது. 1992இல் க்ரியா வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி நம் காலத்து வாக்கியங்களைக் கொண்டு அந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்த்தது. வரலாறு அதன் நோக்கம் அல்ல. வண்டி ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, குடும்பம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது என்கிறோம். இவற்றில் எது ஆங்கிலத்தைப் பார்த்து வந்தது, எது தமிழிலேயே முளைத்தது என்பதை ஊகத்தால் சொல்லக் கூடாது. தேதியிட்ட வாக்கியங்கள் வேண்டும்.

'ரன்' தமிழுக்குள் வந்த விதத்தையும் அப்படித்தான் ஆராய வேண்டும். நாம் அந்தச் சொல்லை முழுதாக எடுக்கவில்லை. கால்களால் ஓடுவதற்கு நம்மிடம் சொல் இருந்தது, அதைத் தொடவில்லை. பழைய வண்டியை விற்பவர் 'ரன்னிங் கண்டிஷன்' என்கிறார். நடத்துநர் 'ரன்னிங்கில் ஏறாதே' என்று அதட்டுகிறார். புதிய ரயில் பாதையில் 'டிரையல் ரன்' நடக்கிறது. விமானம் 'ரன்வே'யில் இறங்குகிறது. எல்லாமே இயந்திரமும் விளையாட்டும் சார்ந்த கிளைகள், அவற்றோடு வந்தவை. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது 1856இல். சுதேசமித்திரன் 1882இல் தொடங்கியது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னும் வந்த செய்தித்தாள்கள், ரயில் அறிவிப்புகள், ஆலைக் கணக்குகள், நாடக நோட்டீசுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் நூலகங்களில் இருக்கின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் மட்டுமே ஒரு தலைமுறை வாசகர்களுக்கு வேலை இருக்கிறது. முழு அகராதி பிறகு வரட்டும். ஓடு, எடு, போடு, விடு என்ற நான்கு வினைகளுக்குத் தேதியோடு சீட்டு எழுதும் வேலையை ஒரு கல்லூரித் தமிழ்த்துறையே தொடங்கிவிடலாம்.